ரோலன்டின் இடது பாதம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். யாரையும் உட்கார வைத்து நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை. இது நடந்தது 2020 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. மாலை 4:17. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? ஊர் மன்றத்துக் கோபுரக் கடிகாரம் என் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது. அப்போது அங்கே நின்றவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அதில் பாதிப் பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசுகிறவர்களும் அந்த மாலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

என் பெயர் ஐக்கே. ஊர் ஓஸ்டர்வேடெ. வட ஜெர்மனியில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ஊர். வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஹீட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். குழாய்க்குள் சத்தம் கேட்டால் ஆவி என்று பயப்படுகிற வீட்டுக்காரர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே காற்று அடைத்திருக்கும், ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். பேய்க் கதை சொல்கிறவனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது என்னைப் பார்த்தாலும் வருகிறது.

எங்கள் சந்தை மைதானத்தின் நடுவில் ரோலன்ட் நிற்கிறான். ஐந்து மீட்டர் உயரக் கல். கையில் நிமிர்த்திப் பிடித்த வாள், மார்பில் கேடயம். 'இந்த ஊர் எந்தப் பிரபுவுக்கும் எந்தப் பிஷப்புக்கும் அடிமை இல்லை' என்று சொல்வதற்காக அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் நட்டுவைத்த வீரன். தேவாலயத்தை முறைத்துக்கொண்டு நிற்பான். ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு இருக்கும். பிஷப்பைக் கிண்டல் செய்கிற சிரிப்பு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கென்னவோ அவன் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று சின்ன வயசிலிருந்தே தோன்றும். பேருந்திலும் அவன் படம், ரொட்டிக்கடைப் பையிலும் அவன் படம். சுதந்திரமான ஊர் என்று அவ்வளவு பீற்றல்.

அவனுடைய இடது பாதம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். ஏன் என்று கேட்டால், அதிர்ஷ்டத்துக்குத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்துவிட்டது என்பார்கள். கேட்டவனும் அதோடு விட்டுவிடுவான்.

அவன் காலடியில் ஒரு வழக்கம் நடக்கும். கல்யாணம் ஆகாமல் முப்பதைத் தொடுகிற ஆண்பிள்ளை, பிறந்தநாளன்று அவனைச் சுற்றிப் பெருக்க வேண்டும். பெருக்க வேண்டியது பீர் பாட்டில் மூடிகளை. நண்பர்கள் மாதக்கணக்கில் சேர்த்துவைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். பெருக்கப் பெருக்க இன்னொரு மூட்டை விழும். கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. அதற்கு முன் ஒரு கேள்வி பதில் உண்டு. நீதிபதி வேஷம் போட்ட நண்பன் அந்தப் பெண்ணைக் காட்டி, "இவளைத் தெரியுமா?" என்று மூன்று தடவை கேட்பான். முதல் தடவை "தெரியாது" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் "தெரியாது". மூன்றாவது தடவை, "தெரியும். எங்க ஊர்க்காரி." உடனே கூட்டம் "விட்டாச்சு!" என்று கத்தும். முத்தம். பிறகு எல்லாரும் போய்ப் பச்சைக் கீரையும் புகைபோட்ட தொத்திறைச்சியும் சாப்பிடுவோம். எங்கள் ஊரில் ஐந்து வயசுக் குழந்தைக்குக்கூட இந்தக் கேள்வி பதில் மனப்பாடம்.

இப்போது தெக்லேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

தெக்லே ஜார்ஜியா நாட்டுப் பெண். ஆற்றங்கரை ஹோட்டலில் துணி வெளுக்கும் அறையில் வேலை பார்த்தாள். அங்கே கொதிகலன் பழுதுபார்க்கப் போன இடத்தில்தான் பழக்கம். பத்து மாசம். அவளுடைய தங்கும் அனுமதி முடிந்துபோயிருந்தது. எந்த நாளும் அவளைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். ஒரே ஒரு வழிதான் இருந்தது. நானும் அவளும் ஊர் மன்றத்துக்குப் போய்க் கல்யாணத்துக்குப் பதிவு செய்து, பதிவாளரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் அவளை யாரும் தொட முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்குக் கிடைத்த நாள் என் பிறந்தநாள். ஜனவரி 17, காலை 11:30.

என் வீட்டில் யாருக்கும் அவளைப் பற்றித் தெரியாது. நண்பர்களுக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மா மருந்துக்கடைக்காரர் மகள் இன்சாவை எனக்கென்று முடிவு செய்து வைத்திருந்தாள். நண்பன் டோர்பென் வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி என்னென்ன பேசுவான் என்பதும் எனக்குத் தெரியும். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான்.

வியாழன் இரவு 9:50க்கு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'நாளைக்கு முடியாது. பசங்க பெருக்க வைக்கிறாங்க. திங்கட்கிழமை போலாம். மூணு நாள்தானே.' அனுப்பிவிட்டு போனை அணைத்தேன். அவள் பதிலைப் பார்க்கப் பயம். வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை 3:30க்கு ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு கிழிந்த கோட்டு, நீளத் தொப்பி, கைப்பிடியைப் பாதியாக அறுத்த துடைப்பம். டோர்பென் தலையில் தகரச் சட்டியைக் கவிழ்த்து நீதிபதி ஆகியிருந்தான். ஒரு பெண் அக்கார்டியன் வாசித்தாள். தானியச் சாராயம் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்தது. குளிர் மைனஸ் மூன்று. பனிமூட்டம் தேவாலயத்தைப் பாதி விழுங்கியிருந்தது.

"குனிஞ்சு பெருக்குடா மாப்ளே!" என்றான் டோர்பென். "முப்பது வயசுக்கே இடுப்பு வளையலையா? உன்னைய எவடா கட்டிக்குவா?"

"ஹீட்டரத்தான் கட்டிக்கணும்," என்று பின்னாலிருந்து யாரோ.

அம்மா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். நல்ல கோட்டு, உதட்டுச் சாயம். முத்தம் கொடுக்க வரப்போவது இன்சா என்பதால் அவளுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம்.

"இன்சா வர்ற ரயில் மூட்டத்துல நின்னுபோச்சாம்," என்றாள். "அரை மணி ஆகும். கொஞ்சம் மெதுவாப் பெருக்கு கண்ணா."

"அரை மணியா? அப்போ இன்னொரு மூட்டையக் கொட்டுங்கடா!" என்றான் டோர்பென்.

கொட்டினார்கள். கல்தரை முழுக்க மூடிகள் சலசலவென்று உருண்டன.

முதல் விஷயத்தை நான் கவனித்தது 3:50க்கு. ரோலன்டின் இடது பாதத்துக்குக் கீழே, ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். அங்கே ஒரு மூடிகூட இல்லை. சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அந்த இடம் மட்டும் வெறும் கல்.

காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். துடைப்பத்தால் ஒரு குவியலை அந்தப் பக்கம் தள்ளினேன். மூடிகள் உருண்டு போயின. ஓரத்தில் நின்றன. பிறகு மெதுவாகத் திரும்பி என் காலடிக்கே வந்தன.

காற்றே இல்லை. காற்று இருந்தால் மூட்டம் நிற்குமா?

தரை சாய்வாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாய்க்குள் காற்று என்று சொல்கிற அதே குரலில். முப்பது வருஷமாக நடந்து பழகிய மைதானம் அது. அங்கே சாய்வு கிடையாது.

4:05. அக்கார்டியன் நின்றது. வாசித்த பெண் அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"விரியவே மாட்டேங்குது. யாரோ உள்ள இருந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"குளிருல விறைச்சிருக்கும். சாராயம் ஊத்து அதுக்கும்!" என்றான் டோர்பென். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4:12. மூட்டம் தரையோடு வந்தது. தேவாலயம் முழுசாகக் காணாமல் போனது. கடிகாரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நான் அந்த வெறும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். கல் ஈரமாக இருந்தது. அதில் இரண்டு பாதத் தடம். செருப்பில்லாத பாதம். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

தடம் வந்த வழி இல்லை. நின்ற இடம் மட்டும்தான்.

யாரிடமாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தேன்.

முதலில் கையைத்தான் பார்த்தேன். ரோலன்டின் இடது பாதத்தின் மேல் ஒரு கை. விரல்களை அகலமாக விரித்து, அழுத்திப் பிடித்த கை. அப்புறம் பச்சைக் கம்பளி ஸ்வெட்டரின் முனை. முழங்கையில் நானே தைத்துக்கொடுத்த கறுப்பு நூல்.

தெக்லே.

கோட்டு இல்லை. செருப்பு இல்லை. இடுப்புவரை தொங்கிய அவள் முடி, காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. அதுவும் அலங்கோலமாக, ஆட்டுக்கு மயிர் கத்தரித்த மாதிரி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மட்டும் பார்த்த உருவம் இல்லை அது. நாற்பது பேரும் பார்த்தார்கள்.

கடிகாரம் 4:17.

"டேய்... ஹோட்டல்ல துணி வெளுக்கிற பொண்ணுதானே இது?" டோர்பென் வாய் காதுவரை போனது. "இன்சா வரல. ஆனா வெளிநாட்டு இறக்குமதி வந்திருச்சுடா! மாப்ளே, ஒளிச்சு வச்சிருந்தியா?"

கூட்டம் ஊளையிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு ஐக்கே இவ?"

தெக்லே பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் நாற்பது பேர் வாயிலிருந்தும் புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை. ஈரமான ஆட்டு ரோம வாசனை அடித்தது. அதோடு சாண வாசனை. சந்தை மைதானத்தில் கடைசியாக மாடு நின்று நூறு வருஷம் இருக்கும்.

டோர்பென் கரண்டியால் தலைச்சட்டியில் தட்டினான். மூன்று தட்டு.

"பெருக்குறவனே! இவளைத் தெரியுமா?"

விளையாட்டுத்தானே. முதல் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"தெரியாது."

சிரிப்பு. கைதட்டல்.

"இவளைத் தெரியுமா?"

"தெரியாது."

சிரிப்பு குறைந்தது. மூட்டம் காரணமாக இருக்கலாம். பின்வரிசை தெரியவில்லை.

"இவளைத் தெரியுமா?"

மூன்றாவது.

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. தெரியும். எங்க ஊர்க்காரி. அவ்வளவுதான். ஐந்து வயசுக் குழந்தை சொல்லும்.

அம்மாவின் கண் என் மேல் இருந்தது. டோர்பென்னின் சிரிப்பு என் மேல் இருந்தது. நாளைக்கு ஊர் முழுக்க என்ன பேசும் என்பது அந்த ஒரு நொடிக்குள் எனக்குக் கேட்டுவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு சமாளிக்கலாம்தான். ஆனால் எல்லார் முன்னாலும் இவள் பக்கத்தில் நிற்க வேண்டும். இவள் கையைப் பிடிக்க வேண்டும்.

தெக்லேயின் விரல்கள் கல்லை இறுக்கின. நகம் வெளுத்தது.

"தெரியாது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

யாரும்...

கையில் இருந்த சாராயப் புட்டியை யாரோ கீழே போட்டார்கள். அது உடைகிற சத்தம்கூடச் சின்னதாகத்தான் கேட்டது.

அவள் கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக.

திரும்பினாள்.

நடந்தாள். மூடிகளின் மேல். வெறும் காலால். இருபத்தொரு பல் வைத்த தகரம் அது. பாட்டில் திறந்து விளையாடிய வயசில் எத்தனை தடவை எண்ணியிருக்கிறேன்! ஒன்றில் மிதித்தாலே உயிர் போகும். அவள் முகம் சுளிக்கவில்லை.

ஒன்று அவள் இடது குதிகாலில் குத்தி அப்படியே ஒட்டிக்கொண்டது. பார்த்தேன்.

கூட்டம் வழிவிட்டது. மூட்டம் அவளை மூடியது. சத்தம் மட்டும் வந்தது.

டிக்...

டிக்...

டிக்...

கிழக்கு வாசல் பக்கம். அங்கே வாசல் எல்லாம் இப்போது இல்லை. இடித்து இருநூறு வருஷம். தெரு நேராகப் போகும். ஆனால் சத்தம் அந்த இடத்துக்குப் போனதும் நின்றது. மரக்கதவு சாத்துகிற ஒலி ஒன்று. கனமான கதவு. பிறகு ஒன்றுமில்லை.

டோர்பென் சட்டியைக் கழற்றினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய்... மூணாவது அப்படிச் சொல்லக் கூடாதுடா."

"விளையாட்டுத்தானே."

"யாருமே அப்படிச் சொன்னதில்லடா. எங்கப்பா, அவங்கப்பா... யாருமே." அவன் என் கோட்டைப் பிடித்து இழுத்தான். "மாத்திச் சொல்லு. இப்பவாவது மாத்திச் சொல்லுடா."

சொல்வதற்கு அங்கே யார் இருந்தார்கள்? நான் ரோலன்டை நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அறுநூறு வருஷமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு. அந்தக் கல்லின் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

4:40க்கு இன்சா வந்தாள், கன்னமெல்லாம் சிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. அவளைக் காட்டிக் கேள்வி கேட்க டோர்பென் மறுத்துவிட்டான். சாப்பாட்டுக்கும் யாரும் போகவில்லை. மூடிகளை நான்தான் தனியாக அள்ளினேன். இடது பாதத்துக்குக் கீழே அள்ள ஒன்றுமே இருக்கவில்லை.

5:30க்கு தெக்லேயின் அறைக்குப் போனேன். ஹோட்டலுக்குப் பின்னால், மாடியில். கால் ஐஸாகியிருக்கும், மருந்து போட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவளோடு தங்கியிருந்த இலியானா கதவைத் திறந்தாள். மால்டோவா நாட்டுக்காரி. அதே ஹோட்டலில் வேலை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள்.

"தெக்லே உள்ள இருக்காளா? கால்ல அடிபட்டிருக்கு அவளுக்கு."

இலியானா என்னை முறைத்தாள்.

"குடிச்சிருக்கியா? விடியக்காலை நாலரைக்கு போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பதிவுத்தாள் இருக்கான்னு கேட்டாங்க. பதினொன்றரைக்குக் கிடைச்சிரும்னு அவ கெஞ்சினா. மன்றம் திறந்ததும் அங்க விசாரிச்சிருக்காங்க. அந்த நேரத்தை மாப்பிள்ளையே நேத்து ரத்து பண்ணிட்டாராமே."

ஆமாம். வியாழன் மதியமே மன்றத்துக்கு மின்னஞ்சல் போட்டு நேரத்தை மாற்றியிருந்தேன். அவளுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே. இதையும் சொல்லிவிடுகிறேன்.

"உனக்குப் பதினோரு தடவை போன் பண்ணினா," என்றாள் இலியானா. "பதினோரு தடவை."

"இல்ல... நாலு பதினேழுக்கு அவ சந்தைல நின்னா. எல்லாரும் பார்த்தாங்க."

அவள் தன் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். தெக்லேயிடமிருந்து செய்தி. 3:21. 'பிளேன்ல உட்கார வச்சுட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல கிளம்புது. அழாதே.'

3:21.

கதவோரத்தில் தெக்லேயின் குளிர்காலப் பூட்ஸ் இருந்தது. ஜோடியாக.

"அவசரத்துல மறந்துட்டா," என்றாள் இலியானா. "வீட்டுச் செருப்போட, அந்தப் பச்சை ஸ்வெட்டரோட போனா." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "நேத்தோட அவ இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம். இன்னைக்கு ஒரு நாள் கூட. கேக் வாங்கி வச்சிருந்தா உன் பிறந்தநாளுக்கும் சேர்த்து. எடுத்துட்டுப் போ. எனக்கு இறங்காது."

நான் எடுக்கவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை 11:30க்கு ஊர் மன்றத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன், போனேன். பதிவாளர் அறை வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்த என்னை ஒரு அம்மாள் கூப்பிட்டாள். மன்றத்தின் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்கிற ஓட்டென் அம்மா. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இவளும் நின்றிருந்தாள்.

"உள்ள வா தம்பி. உட்காரச் சொல்ல மாட்டேன்."

மேஜை மேல் தோல் அட்டை போட்ட ஒரு தடித்த ஏடு திறந்திருந்தது. பழைய நீதிமன்றப் பதிவு. எனக்குப் புரியாத எழுத்து. அவள் விரல் வைத்துப் படித்துச் சொன்னாள்.

வருஷம் 1438. வனத்து அந்தோனியார் திருநாள். அதாவது ஜனவரி 17. அலைட் என்று ஒரு பெண். ஒரு பிரபுவின் பண்ணையிலிருந்து ஓடிவந்த அடிமை. பிடிபடாமல் இந்த ஊருக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவள் சுதந்திரம் பெற்றவள். அதுதான் அந்தக் காலச் சட்டம். கடைசி நாளில் பிரபுவின் ஆள் வந்துவிட்டான். அவள் ஓடிப்போய் ரோலன்டின் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதத்தைப் பிடித்தவளைக் கேட்காமல் இழுக்க முடியாது. ஊரைப் பார்த்து மூன்று முறை கேட்க வேண்டும். இவளைத் தெரியுமா? ஊர்க்காரன் ஒருவன், ஒரே ஒருவன், தெரியும் எங்க ஊர்க்காரி என்று சொன்னால் போதும்.

"அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் அங்கதான் நின்னான்," என்றாள் ஓட்டென் அம்மா. "துடைப்பம் கட்டுற தொழில். வயசு முப்பது. அவனைப் பார்த்துத்தான் மூணு தடவையும் கேட்டாங்க."

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"முடியை வெட்டி, செருப்பைக் கழட்டி இழுத்துட்டுப் போனாங்க. குதிரை லாடத்து ஆணி ஒண்ணு குதிகால்ல ஏறிருச்சாம். கிழக்கு வாசல் சாத்துற வரைக்கும் கல்லுல அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னு எழுதியிருக்கு. எந்தக் குதிகால்னும் எழுதியிருக்கு. சொல்லணுமா?"

நான் தலையாட்டவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அதுக்கப்புறம் மன்றம் ஒரு முடிவு போட்டுச்சு. இந்தக் கல்லுக்கு முன்னால மூணாவது பதில் இனிமே ஒருநாளும் அப்படி வரக் கூடாது. பிள்ளைங்களுக்கு விளையாட்டாவே சொல்லிக்கொடுங்க, மறக்காதுன்னு." ஏட்டை மூடினாள். "ஐந்நூத்தி எண்பத்திரண்டு வருஷம் தம்பி. போர் வந்துச்சு, கொள்ளைநோய் வந்துச்சு, எவனெவனோ ஆண்டான். பெருக்க வந்தவன் ஒருத்தன்கூட மாத்திச் சொன்னதில்ல. நீ சொல்லிட்ட. வெளிய போ."

போனேன்.

பதினோராவது நாள் தெக்லேயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஜனவரி 28. நான் அனுப்பிய நூறு மன்னிப்புக்கும் பதில் இல்லை அது. முதலில் ஒரு படம். கீழே நாலு வரி.

'பிளேன்ல கொஞ்ச நேரம் தூங்கிட்டேன். ஏதோ கனவு, ஞாபகம் இல்ல. முழிச்சப்போ உங்க ஊர் நேரம் நாலே கால் தாண்டியிருந்துச்சு. கால் ஐஸ் மாதிரி இருந்துச்சு. நீ இனிமே வரமாட்டேன்னு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது.'

படத்தைப் பெரிதாக்கினேன். அவளுடைய இடது குதிகால். அதில் வட்டமாக ஒரு காயம். சுற்றிலும் புள்ளி புள்ளியாக, ஒரே அளவு இடைவெளி விட்டு, ஆறி வருகிற துளைகள்.

எண்ணினேன். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

இருபத்தொன்று.

அப்போது இன்னொரு செய்தி வந்தது.

'டாக்டர் பார்த்துட்டு, தகரத்தை மிதிச்சியான்னு கேக்கறார். நான் எதையும் மிதிக்கல. பிளேன்ல எங்க தகரம்? ஐக்கே, இது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?'

நான் ரொம்ப நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையில் நடந்ததைச் சொன்னால், நான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டும்.

விரல் தானாக அடித்தது. ஒரே ஒரு சொல். அனுப்பிய பிறகுதான் அதைப் படித்தேன்.

'தெரியாது.'